மோட்டாருக்கு உண்டு... கைக்கு இல்லையா?

குன்னத்தில் கிணற்று மோட்டார் வாங்கினால்கூட பில், வாரண்டி கார்டு உண்டு. மேல்கை எலும்பு முறிந்து பிளேட் வைத்தவர்களில் எத்தனை பேரிடம் அது என்ன கம்பெனி, என்ன பேட்ச் என்று சீட்டு இருக்கிறது?

எலும்பு கூடாவிட்டால் எந்த பிளேட்டும் ஒருநாள் உடையும். அதைக் கழற்றி, பெரும்பாலும் இடுப்பிலிருந்து எலும்பெடுத்து வைத்து, புது பிளேட் போடணும். மணிக்கட்டைத் தூக்கும் நரம்புக்கும் ஆபத்து. செலவு, மறுபடி நம் தலையில். ஏன் உடைந்தது என்றால், 'கையை ஆட்டியிருப்பீங்க!'

2017-ல் ஸ்டென்ட்டுக்கும் முழங்கால் மூட்டுக்கும் உச்சவரம்பு விலை வைத்தது மத்திய அரசு. அந்த உத்தரவுகளில் கை பிளேட் இல்லை. உபகரணம் பழுதானால் புகார் சொல்ல 'மெட்டீரியோவிஜிலன்ஸ்' என்று வாயில் நுழையாத பெயரில் 2015-லேயே ஒரு திட்டம் வந்தது. எத்தனை ஆஸ்பத்திரியில் அதற்கு போர்டு பார்த்தீர்கள்?

டிஸ்சார்ஜ் அன்று கேளுங்கள்: "பிளேட் ஸ்டிக்கரை ஒட்டிக் குடுங்க சார்." கோபப்பட்டால் படட்டும். கை நம்முடையது!