மழலையென்று வாளாவிருக்கலாமா?

மழலை கேட்டு மகிழாதார் இலர். ஆயின், அம்மகிழ்ச்சியே சில வேளைகளில் நம் கண்ணை மறைத்துவிடுகின்றது என்பது என் கருத்து.

என் இளவல் ஐந்து வயது நிரம்பியும் ‘பழம்’ என்பதை ‘அயம்’ என்றே கூறிவந்தான். வீட்டிற்கு விருந்தினர் வருந்தோறும் அவனை அழைத்து அச்சொல்லைச் சொல்லச் செய்து நகைத்தவருள் யானும் ஒருவன். நாளடைவில் அவன் பிறர் முன்னிலையில் வாய் திறப்பதையே விட்டொழித்தான். அதன் பின்னரே என் தாயார் அவனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மருத்துவர் முதலில் வினவியது பேச்சைப் பற்றியன்று, உணவைப் பற்றியே. பாலுண்ணும் பருவத்தில் கடைவாயில் பால் ஒழுகியதா? இன்னும் குழையப் பிசைந்த சோற்றையே விரும்புகின்றானா? கவளத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொள்கின்றானா? அனைத்திற்கும் ‘ஆம்’ என்பதே விடையாயிற்று. யாவற்றையும் நாங்கள் நாடோறும் கண்டிருந்தோம். ஒன்றனையும் அறிகுறியென்று உணர்ந்திலோம்.

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியலைப் பயின்றபொழுது இந்நிகழ்ச்சி மீண்டும் என் நினைவில் எழுந்தது. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டிடத்தும் காற்றுப் பொருந்த எழுத்துப் பிறக்கும் என்பது ஆசிரியர் கொள்கை. இதழ் இரண்டும் கூடாவிடின் பகரமும் மகரமும் இல்லை. நாநுனி வளைந்து எழாவிடின் ழகரம் இல்லை. இவ்விதழும் நாவுமே உறிஞ்சவும் மெல்லவும் விழுங்கவும் தொழிற்படுவன. ஆதலின், இவற்றின் தசைகள் தளர்ந்த குழவியிடத்து, பேச்சில் தோன்றும் இடர்ப்பாடு சில வேளை அதற்கு முன்னரே உணவில் தலைகாட்டக் கூடும்.

பெற்றோர் கருதத்தக்க குறிகள் சில உள. பாலை உறிஞ்ச இயலாமல் குழவி விரைவில் களைத்துப்போதல். பால் அடிக்கடி மூக்கின் வழியே மீளுதல். உண்ணுந்தோறும் இருமலோ புரையேறுதலோ உண்டாதல். ஓராண்டு நிரம்பியும் ‘பாபா’, ‘மாமா’ போன்ற ஒலித்தொடர்கள் பிறவாமை. எப்பொழுதும் வாய் திறந்தே இருத்தல். நான்கு வயதிற்குப் பின்னரும் வாய்நீர் ஒழுகுதல் என்பன அவை. இவற்றுள் ஒன்றைக் கண்டவுடனே அஞ்சவேண்டுவதில்லை. பல் முளைக்கும் பருவத்தில் வாய்நீர் ஒழுகுதல் இயல்பே. மூன்று வயதுக் குழந்தை ‘ரயிலை’ ‘லயில்’ என்பதும் குறையன்று. ரகர ழகரங்கள் பிந்தியே கைவருவன. பேச்சுத் தாமதித்த குழந்தைக்குச் செவிப்புலனையும் சோதித்தல் இன்றியமையாதது.

‘இவன் தந்தையும் பிந்தியே பேசினான், பொறுத்திருங்கள்’ என்பர் முதியோர். அவ்வாறு பிந்திப் பேசி நலமுற்ற குழந்தைகள் பலர் உளர் என்பதும் மெய்யே. ஆயினும், மருத்துவரைக் காண்பதில் செலவாவது ஒரு நாள். காணாதிருந்தால் இழப்பது பல ஆண்டுகள். இன்னுஞ் சிலர் வசம்பைத் தேனில் இழைத்து நாவில் தடவுவர். ஓராண்டு நிரம்பாத குழவிக்குத் தேன் தருதல் தீங்காகக் கூடும் என்பது மருத்துவ நூலோர் எச்சரிக்கை.

2013ஆம் ஆண்டில் இந்திய அரசு தொடங்கிய சிறார் நலத்திட்டத்தின்படி, பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரின் பிறவிக் குறைகளையும் வளர்ச்சித் தாமதங்களையும் ஆராய்ந்து உதவுதற்கு மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களை அமைக்க ஏற்பாடு செய்யப்பட்டது. இதனை அறியாத தாய்மார் பலர். விடுமுறை நாட்களில் சிற்றூர்களுக்குத் தொண்டாற்றச் செல்லும் நம் மாணவர்கள் இச்செய்தியையும் உடன்கொண்டு செல்வார்களாக.

என் இளவல் பயிற்சி பெற்று இன்று தெளிவாகவே பேசுகின்றான். எனினும், புதியவர் எதிரில் வாய் திறக்குமுன் ஒரு கணம் தயங்குகின்றான். அத்தயக்கத்தைத் தந்தது அவன் நாவன்று, எங்கள் நகைப்பே. பிறப்பியலைக் கற்கும் நாம், எழுத்துப் பிறவாது வருந்தும் ஒரு குழந்தையைக் கண்டும் நகைத்திருப்போமாயின், கற்றதனால் வந்த பயன் யாது?