ஆசிரியருக்கு யார் கைகொடுப்பது?

2021 ஜனவரியில் தமிழக அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. கல்லூரி மாணவர்கள் 9,69,047 பேருக்கு, நாளொன்றுக்கு 2 ஜிபி வீதம் ஏப்ரல் வரை பயன்படுத்த, எல்காட் நிறுவனம் வழியாக இலவச டேட்டா அட்டை வழங்கப்படும் என்றது அது. கொரோனாவால் கல்லூரிகள் பூட்டிக் கிடந்த காலத்தில் அது உண்மையான உதவி. ஆனால் அந்த மாணவர்களுக்கு இணையவழியில் பாடம் நடத்தியவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. அவர்கள் தங்கள் சொந்த போனில், சொந்தக் காசில் நெட் போட்டுத்தான் வகுப்பெடுத்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்றும், முதற்கட்டமாக ரூ.2,000 கோடி ஒதுக்கப்படும் என்றும் சொல்லப்பட்டது. அதையும் வரவேற்கிறேன். மாணவரின் மடியில் கணினி வந்த பிறகு அதிலிருந்து புறப்படும் அசைன்மென்ட் யார் கைக்குப் போய்ச் சேர்கிறது, அவர் அதை எதில் திறக்கிறார், எப்போது திருத்துகிறார் என்ற கேள்வியை மட்டும் இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கள்ளக்குறிச்சியை வைத்து இதைப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமான ஊர் இது. இதன் மேற்கே கல்வராயன் மலை. ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து 1976-இல்தான் விடுபட்ட மலை அது. தாத்தா பாட்டி காலம்வரை ஜாகீர்தாருக்கு வெட்டி வேலை பார்த்த மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களிலிருந்து இன்று பிள்ளைகள் கச்சிராயபாளையம் வழியாகக் கீழே இறங்கிக் கல்லூரிக்கு வருகிறார்கள். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் இல்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிகள் அவர்கள். ஒரு கோப்பை எப்படிப் பதிவேற்றுவது என்பதிலிருந்து, தேர்வுக் கட்டணத்தை எந்தத் தளத்தில் கட்டுவது என்பதுவரை அவர்களுக்கு இருக்கிற ஒரே துணை வகுப்பு ஆசிரியர்தான். அந்தத் துணைக்கு ஒரு துணை வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருகிறேன்.

ஓர் அசைன்மென்ட் எப்படிப் பயணம் செய்கிறது என்று பாருங்கள். ஒரு தாளுக்கு 100 மதிப்பெண் என்றால் 25 அகமதிப்பீடு, 75 பல்கலைக்கழகத் தேர்வு. அந்த 25-க்குள் இன்டர்னல் தேர்வு, செமினார், வருகைப்பதிவு ஆகியவற்றோடு அசைன்மென்ட்டும் அடங்கும். மாணவர் வெள்ளைத் தாளில் கையால் எழுதுகிறார். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுக்கிறார். முன்பு இதற்கு எல்லோரும் கேம்ஸ்கேனர் வைத்திருந்தார்கள். 2020 ஜூன் இறுதியில் தடை செய்யப்பட்ட 59 சீனச் செயலிகளில் அதுவும் ஒன்று. அதன்பின் ஆளுக்கொரு செயலி. ஒருவர் பிடிஎஃப் அனுப்புகிறார், ஒருவர் தனித்தனிப் படமாக அனுப்புகிறார், இன்னொருவரின் படத்தில் பாதிப் பக்கம் கை நிழல். சிலர் கூகுள் கிளாஸ்ரூமில் ஏற்றுவார்கள். அதில் நுழைய முடியாதவர்கள் ஆசிரியரின் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிடுவார்கள். கோப்பின் பெயரில் மாணவரின் பெயரோ பதிவெண்ணோ இருக்காது, போன் தானாகப் போட்ட எண்கள்தான் இருக்கும். 60 பேர் உள்ள வகுப்பில் இப்படி 60 கோப்பு. ஓர் ஆசிரியருக்கு ஒரே செமஸ்டரில் நான்கு வகுப்பு என்றால் 240. இரவு பத்து மணிக்கு மேல் ஆறு அங்குலத் திரையில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிக்கிறவரிடம் "கருத்துரை எழுதுங்கள், மாணவரின் பிழையைச் சுட்டுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்துக்கு எட்டு, பத்துக்கு ஏழு என்று போட்டுவிட்டுப் போவதுதான் நடக்கிறது. அதற்காக அவரைக் குறை சொல்வது அநியாயம்.

தமிழ்த் துறையிலும், தமிழ்வழியில் படிக்கும் வரலாறு, பொருளியல் துறைகளிலும் இதன்மேல் இன்னொரு சிக்கல் ஏறிக்கொள்கிறது. ஆசிரியரிடம் பத்து, பதினைந்து ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் பாடக்குறிப்புகளும் வினாத்தாள்களும் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் டிடிபி கடையில் தட்டச்சானவை. மாணவரின் போனில் இருப்பது யூனிகோடு. ஆசிரியர் தளத்தில் ஏற்றிய குறிப்பு மாணவரின் திரையில் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். அரசு தமிழுக்கான குறியேற்றமாக யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-இல். அந்த ஆணை வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் பழைய கோப்புகளை மாற்றித் தர ஒரு கல்லூரியில் யாருக்குப் பொறுப்பு என்று கேட்டால் பதில் கிடைக்காது. எழுத்துரு மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே இருக்கின்றன. தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால் ஒரு மதிய நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடியது இது.

அந்த 'தெரிந்த ஒருவர்' என்ற பணியிடம் நம் அரசுக் கல்லூரிகளில் கிடையாது. ஆய்வக உதவியாளர் உண்டு, நூலகர் உண்டு, உடற்கல்வி இயக்குநர் உண்டு. கற்பித்தலுக்கும் கணினிக்கும் நடுவே நிற்கும் ஆள் இல்லை. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இதற்கெனத் தனிப் பணியாளர்கள் இருக்கிறார்கள். பாடத்தை அவர்கள் நடத்துவதில்லை. பாடம் நடத்துபவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் நினைப்பதைத் தளத்தில் செய்ய வழி காட்டுகிறார்கள். நம் ஊரில் அந்த வேலை, கணினி அறிவியல் துறையின் இளைய ஆசிரியர் தலையில் பேச்சுவாக்கில் விழுகிறது. "சார், கொஞ்சம் பார்த்துக் கொடுங்களேன்" என்று எல்லாத் துறைகளும் அவரிடம்தான் போய் நிற்கும்.

அவர் பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளராக இருப்பார். தமிழக அரசு கலை அறிவியல் கல்லூரிகளைத் தாங்கி நிற்பவர்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தக் கௌரவ விரிவுரையாளர்கள்தான். மாதம் ரூ.25,000, அதுவும் ஆண்டுக்குப் பதினோரு மாதம், மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே மாதம் ரூ.50,000 வரை என்று வரையறுத்த வேலைக்கு நாம் கொடுப்பது இது. நிரந்தரப் பேராசிரியர் புத்தொளிப் பயிற்சிக்குப் போனால் பதவி உயர்வுக்குக் கணக்காகும். பதவியே நிரந்தரமில்லாதவருக்கு எந்தப் பயிற்சியும் கணக்கில் ஏறாது. இன்னொன்றும் உண்டு. அவர் தன் சொந்த ஜிமெயில் கணக்கில் வகுப்பறையைத் திறந்து வைத்திருப்பார். அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் அந்த வகுப்பறையும், அதில் மாணவர்கள் சமர்ப்பித்த அத்தனையும் அவரோடு போய்விடும். மறுமதிப்பீடு கேட்கும் மாணவருக்குக் காட்டக் கல்லூரியிடம் எதுவும் இருக்காது. கல்வி நிறுவனங்களுக்கு கூகுள் இலவசமாகவே நிறுவனக் கணக்குகளைத் தருகிறது. சேமிப்பிடத்துக்கு 2022-இலிருந்து உச்சவரம்பு வந்துவிட்டாலும் ஒரு மாவட்டக் கல்லூரிக்கு அது தாராளம். விண்ணப்பித்து வாங்கி, ஆண்டுதோறும் புதியவர்களைச் சேர்த்து, போனவர்களின் வகுப்பறையை அடுத்தவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கத்தான் ஆள் வேண்டும்.

தளங்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. மாணவர் விவரங்களுக்கான யுமிஸ், நான் முதல்வன், கல்வி உதவித்தொகை, ஏபிசி எனப்படும் கிரெடிட் வங்கி, நாக் தரமதிப்பீட்டுக் குழுவுக்கான ஆவணங்கள், பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் பதிவேற்றம் என்று ஆசிரியர் தினம் ஒன்றில் நுழைய வேண்டியிருக்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாணவருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் போய்ச் சேர்வது இந்தப் பதிவுகளை நம்பித்தான் இருக்கிறது, ஆகவே அதில் ஆசிரியர்கள் அக்கறையோடுதான் வேலை செய்கிறார்கள். ஆனால் 'இணையம்' என்ற சொல்லைக் கேட்டாலே அவர்கள் மனதில் வருவது தரவு நிரப்பும் வேலைதான். இந்த நிலையில் மேலும் ஒரு தளத்தை அறிமுகம் செய்து, ஒரு நாள் கூட்டத்தில் நூறு பவர்பாயின்ட் படங்களைக் காட்டிவிட்டு, "நாளையிலிருந்து அசைன்மென்ட் எல்லாம் ஆன்லைனில்" என்று சுற்றறிக்கை அனுப்பினால் அது காகிதத்தில் மட்டுமே நடக்கும்.

மலைக்கு வருவோம். விடுதியில் தங்கிப் படிக்கும் கல்வராயன் மலை மாணவர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறார். வீட்டில் மரவள்ளியோ சாமையோ அறுவடை. கெடு ஞாயிறு நள்ளிரவு என்று கூகுள் கிளாஸ்ரூம் சொல்கிறது. அவருடைய ஊரில் டவர் கிடைப்பது ஒரு பாறைமேல், ஒரு வளைவில். கொரோனா காலத்தில் நாமக்கல் மாவட்டம் ராசிபுரம் பக்கம் பெரப்பஞ்சோலையில் பிள்ளைகள் ஆலமரத்தில் ஏறி உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பு கேட்டது நினைவிருக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தாமாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலையும் மருத்துவமும் பள்ளியும் பேசப்பட்ட அந்த வரிசையில் அலைக்கற்றைக்கும் இடமுண்டு. தொலைபேசிச் சேவை எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ரூ.26,316 கோடி ஒதுக்கியது. கோபுரங்கள் வரட்டும். அதுவரை காத்திருக்காமல் ஆசிரியரே மாற்றக்கூடியவை உண்டு: கெடுவை ஞாயிறு நள்ளிரவுக்கு வைக்காமல், மாணவர் விடுதிக்குத் திரும்பிய பிறகு செவ்வாய் மாலைக்கு வைப்பது, தாமதத்துக்கு இரண்டு நாள் இடம் விடுவது, சமர்ப்பித்ததற்கு ஒப்புகை தருவது. இவை சிறு அமைப்புகள். எங்கே சொடுக்க வேண்டும் என்பதைக் காட்ட ஒருவர் இருந்தால் போதும்.

உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் மூடில் என்ற இலவசத் தளத்தை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமஸ் மேற்கு ஆஸ்திரேலியாவின் உட்பாலை நிலத்தில் வளர்ந்தவர். அருகில் பள்ளி கிடையாது. சிற்றலை வானொலியில் பாடம் கேட்டுப் படித்த பிள்ளை அவர். ஆஸ்திரேலியாவில் வானொலிப் பள்ளி 1951-இலேயே தொடங்கிவிட்டது. 2002-இல் வெளிவந்த அவருடைய தளத்தில் அந்த அனுபவத்தின் தடம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். மூடிலின் கைபேசிச் செயலியில் பாடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். இணையம் இல்லாதபோதே விடையை எழுதி வைக்கலாம், டவர் கிடைத்ததும் தானாகப் போய்ச் சேரும். ஆசிரியர் மொத்த வகுப்பின் கோப்புகளையும் மாணவர் பெயரோடு ஒரே கட்டாக இறக்கி, வீட்டில் நெட் இல்லாமல் திருத்தி, மதிப்பெண் பட்டியலைத் திரும்ப ஏற்றலாம். மலைக்குச் செய்தது போலவே இருக்கிறது. அதை நிறுவிப் பராமரிக்கும் வேலை மட்டும் தனியொரு கல்லூரியால் ஆகாதது.

பக்கத்து நாட்டில் அதை எப்படிச் செய்தார்கள் என்பது நமக்குப் பாடம். 2020 மார்ச்சில் இலங்கையில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, அவற்றை இணைக்கும் 'லேர்ன்' என்ற கல்வி வலையமைப்பு ஏற்கெனவே நின்று வேலை செய்துகொண்டிருந்தது. காணொளி வகுப்புக்கான ஏற்பாட்டை அது மையமாகச் செய்து கொடுத்தது. பல்கலைக்கழகத் தளங்களுக்குச் செல்லும் டேட்டாவுக்குக் கட்டணம் வேண்டாம் என்று தொலைபேசி நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருந்த தமிழ் மாணவர்களும் அதில் பயன்பெற்றார்கள். நாம் மாணவர் கையில் ஆளுக்கொரு அட்டை கொடுத்தோம், அவர்கள் பல்கலைக்கழகத்தின் வாசலையே எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தார்கள். பொதுவான அமைப்பு ஒன்று முன்பே இருந்ததால்தான் அது சில நாள்களில் முடிந்தது.

கள்ளக்குறிச்சிக் கல்லூரிகளுக்கு அப்படிப்பட்ட பொது அமைப்பாக இருக்கக்கூடியது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 2021-இலிருந்து இந்த மாவட்டக் கல்லூரிகள் அதன் இணைப்பில் இருக்கின்றன. 1979-இல் தொலைநிலைக் கல்வியைத் தொடங்கி, ஊர் ஊராகப் பாடப்பொதியையும் விடைத்தாளையும் அஞ்சலில் அனுப்பிப் பெற்ற அனுபவம் அதற்கு உண்டு. தூரத்தில் இருக்கும் மாணவரை எட்டுவது அதற்குப் புதிய கலை அல்ல. இணைப்புக் கல்லூரிகள் அனைத்துக்கும் ஒரே மூடில் தளம், தமிழில் பேசும் உதவி எண், ஆசிரியர் மாறினாலும் மாறாத வகுப்பறைகள் ஆகியவற்றை அது ஏற்றுக்கொள்ளலாம். 2013-இல் அரசே பொறுப்பேற்றுக்கொண்ட பல்கலைக்கழகம் என்பதால் இதைக் கேட்க நமக்கு உரிமையும் இருக்கிறது.

இன்னொரு காரணமும் அவசரமாக வந்து நிற்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், "தொழிற்புரட்சியின் விளைவுகளைக் கூறுக" என்ற அசைன்மென்ட்டுக்குப் பொருளில்லை. அரை நிமிடத்தில் விடை வந்துவிடும். கருவியைத் தடை செய்வதில் பயனில்லை, கேள்வியைத்தான் மாற்ற வேண்டும். உன் ஊரில் தினையும் சாமையும் குறைந்து மரவள்ளி பெருகியது எப்போது, ஏன் என்று உன் பாட்டியிடம் கேட்டு, அவர் குரலையே பதிவு செய்து ஏற்று என்று பொருளியல் ஆசிரியர் சொல்லலாம். மலையாளி மக்களின் பேச்சில் உள்ள உறவுச் சொற்களைத் தமிழ் ஆசிரியர் கேட்கலாம். எழுத்தில் தடுமாறும் மாணவர்கூட இதில் முந்திக்கொள்வார். குரல் கோப்பை வாங்கவும், அதற்கு மதிப்பெண் அளவுகோல் வகுக்கவும், குரலிலேயே ஆசிரியர் கருத்துச் சொல்லவும் தளத்தில் வசதி உண்டு. அந்த வசதி இருப்பதை ஆசிரியருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

"சம்பளமே சரியாக இல்லை, இதில் துணையாளர் எதற்கு" என்று கௌரவ விரிவுரையாளர்கள் கேட்டால் அது நியாயமான கோபம். ஊதியம் உயர வேண்டும், காலியிடங்கள் நிரப்பப்பட வேண்டும், அதற்கு மாற்றாக எதையும் நான் முன்வைக்கவில்லை. ஆனால் இந்தப் பணியிடம் அவர்களின் இரவுகளைத் திருப்பித் தரும். செலவையும் பார்க்கலாம். தமிழகத்தில் ஏறத்தாழ 180 அரசு கலை அறிவியல் கல்லூரிகள். கல்லூரிக்கு ஒருவர், மாதம் ரூ.30,000 என்றால் ஆண்டுக்கு ரூ.6.48 கோடி. மடிக்கணினிகளுக்கு ஒதுக்கிய முதற்கட்டத் தொகையில் அரை விழுக்காடுகூட ஆகாது. ஜூனில் கல்லூரி திறக்கும்போதே அவர் இருக்கையில் இருக்க வேண்டும், இன்டர்னல் மதிப்பெண் பதிவேற்றும் கடைசி வாரத்தில் வந்து பயனில்லை. கள்ளக்குறிச்சிக்கான பணியிடத்தில், கல்வராயன் மலையில் பிறந்து கணினிப் பட்டம் பெற்றவர்களுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்பதையும் அரசாணையிலேயே எழுதிவிடலாம். எந்த ஊருக்கு எந்த வளைவில் டவர் கிடைக்கும், எந்த மாதத்தில் பிள்ளைகள் அறுவடைக்குப் போவார்கள், யார் வீட்டார் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கெடுத் தேதியை எந்த நாளில் வைப்பது என்று ஆசிரியர் கேட்கும்போது அவர்களால் சரியான பதில் சொல்ல முடியும்.