நாலெழுத்து ஜாதகம்

போன மாசம் ஆபீஸ்ல எம்பிடிஐ டெஸ்ட் வச்சாங்க. எனக்கு வந்தது ஐஎஸ்டிஜே. அதாவது நான் இன்ட்ரோவெர்ட்டாம். அடுத்த வாரமே கிளையண்ட் கால்ல பேசற வேலை வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு. "உங்க டைப்புக்கு அது செட் ஆகாதுப்பா"ன்னு மேனேஜர் அன்பா சொன்னாரு.

வயித்தெரிச்சல்ல தேடிப் படிச்சேன். யுங் 1921ல வெளியிட்ட கோட்பாட்டை வச்சு கேதரின் பிரிக்ஸும் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கினது. ரெண்டு பேரும் உளவியல் படிச்சவங்க இல்லை. அதுகூட குத்தமில்லைங்க. ஆனா சுபாவம் என்ன, பைனரியா? முக்கால்வாசிப் பேர் நடுவுலதான் நிக்கறோம். நூத்துக்கு 51 பக்கம் சாஞ்சவனும் 99 சாஞ்சவனும் ஒரே பெட்டியாம்! ஆளெடுக்க இதைப் பயன்படுத்தாதீங்கன்னு மையர்ஸ்-பிரிக்ஸ் அமைப்பே சொல்லுது. அப்ப வேலையைப் பறிக்க மட்டும் ஆகுமா?

என் மேலயும் தப்பு இருக்கு. ஊர்ல இருந்து அப்பா கூப்பிட்டா எடுக்க மாட்டேன். கேட்டா, "நான் இன்ட்ரோவெர்ட்ப்பா." அது சுபாவம் இல்லை சாமி, சோம்பேறித்தனம்.

சுபாவத்தைத் தெரிஞ்சுக்கறது நம்மளைத் திருத்திக்க. முத்திரை குத்தவோ ஒளிஞ்சுக்கவோ இல்லை. ஜாதகக் கட்டத்தைக் கிண்டல் பண்ற நாமதான் இந்த நாலெழுத்துக்குத் தலையாட்டறோம்.

நேத்து அப்பாவுக்கு நானே போன் பண்ணேன். நாளைக்கு மேனேஜர்கிட்ட அந்த காலைத் திருப்பிக் கேக்கப் போறேன்.