பிஸ்கட் பாக்கெட்டுக்கு உள்ள ஒழுங்கு கூட இல்லையா?

ரத்தத்தில் எந்த வகை நோயெதிர்ப்பு செல் எத்தனை இருக்கிறது என்று எண்ணும் முறைக்கு ஃப்ளோ சைட்டோமெட்ரி என்று பெயர். செல்லின் மேற்பரப்பில் உள்ள அடையாளப் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை, ஒளிரும் சாயம் சேர்த்துக் கலக்கிறார்கள். செல்கள் ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடும். ஒளிர்ந்தவை கணக்கில் ஏறும். மெஷின் எவ்வளவு உசத்தியானாலும், ஆன்டிபாடி தப்பான இடத்தில் ஒட்டினால் கணக்கு காலி!

இந்தச் சரக்கு எப்படி விற்கிறது தெரியுமா? குப்பி மேல் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று ஒரு வரி. உள்ளே இருக்கும் ஆன்டிபாடியின் அமினோ அமில வரிசை என்ன? பெரும்பாலும் மூச். ஒரே குளோன் பல லேபிள்களில் வருவதும் உண்டு. மோசமான ஆன்டிபாடிகளால் உலகம் முழுக்க வருடத்துக்கு 80 கோடி டாலர் வீண் என்று 2015ல் ஆண்ட்ரூ பிராட்பரி, ஆண்ட்ரியாஸ் ப்ளூக்தூன் உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதில் அரசு ஆராய்ச்சி நிதியும் உண்டு, அதாவது மக்கள் கட்டிய வரி.

பொருளாதாரத்தில் இதற்குப் பழைய விளக்கம் உண்டு. பழைய கார் சந்தையை வைத்து 1970ல் ஜார்ஜ் அகெர்லாஃப் சொன்னது: விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், நல்ல சரக்கும் மட்டமும் ஒரே விலைக்குப் போகும்; கடைசியில் நல்ல சரக்கு சந்தையை விட்டே ஓடும்.

"வரிசையைச் சொன்னால் போட்டிக் கம்பெனி காப்பியடிக்கும்" என்பது கம்பெனிகளின் வாதம். பேடன்ட் எதற்கு இருக்கிறதாம்? இந்தத் தொழிலுக்கே அடித்தளமான மோனோகுளோனல் முறையை 1975ல் கண்டுபிடித்த கோலரும் மில்ஸ்டைனும் பேடன்ட் கூட வாங்கவில்லை. அடுத்தவர் திறந்து வைத்த கதவில் நுழைந்துவிட்டு உள்ளே தாழ்ப்பாள் போடுவது என்ன நியாயம்?

திறந்த சோதனை நடக்காத காரியமும் அல்ல. ஒரே மூலக்கூறை ஒருவர் டி4 என்றும் இன்னொருவர் லியூ-3 என்றும் அழைத்த காலத்தில், 1982ல் பாரிஸில் விஞ்ஞானிகள் கூடி, பல ஆய்வகங்களின் ஆன்டிபாடிகளை ஒப்பிட்டுப் பொதுப் பெயர் வைத்தார்கள். சிடி4, சிடி8 எல்லாம் அப்படி வந்தவைதான். நரம்பியல் சார்ந்த 65 புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகளை ஒரு குழு சோதித்து 2023ல் வெளியிட்டது. தோற்றவற்றில் சுமார் 20 சதவீதத்தைக் கம்பெனிகளே சந்தையிலிருந்து எடுத்துவிட்டன. பொதுவில் கேட்டால் வேலை நடக்கிறது!

ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் கூட உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சடித்திருக்கிறார்கள். ஆராய்ச்சி மாணவரின் பல மாத உழைப்பைத் தாங்கும் குப்பியில் அதைக் கேட்பது பேராசையா? வரிசையைச் சொல்லாத சரக்கை அரசு நிதியில் வாங்கக் கூடாது என்று ஒரே ஒரு விதி போடட்டும். அப்புறம் பாருங்கள், எல்லா ரகசியமும் தானாக லேபிளில் ஏறும்.