நெட் இல்லாத கம்ப்யூட்டருக்கும் லினக்ஸ் போய்ச் சேரட்டும்

2025 செப்டம்பர் 6-ஆம் தேதி ஜித்தா அருகே செங்கடலுக்கு அடியில் கேபிள்கள் அறுந்தன. அமீரகம் முதல் இந்தியா வரை நெட் தள்ளாடியது. 2008-லும் இதே கூத்துதான். ஜனவரி கடைசியில் அலெக்சாண்ட்ரியா பக்கம் இரண்டு கேபிள்கள் போயின. இரண்டே நாளில் துபாய்க்கு அருகே ஃபால்கன் கேபிளும் போனது. அப்போதெல்லாம் வாட்ஸ்அப் போகவில்லை என்று எல்லோரும் புலம்புவோம். கேபிளை ஒட்டியதும் மறந்துவிடுவோம்.

கேபிள் அறுபடாத நாளிலும் நெட் இல்லாதவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். இணைய வேகப் பட்டியல்களில் அமீரகம் முன்வரிசையில் நிற்கிறது, சரி. ஆனால் சோனாப்பூர் கேம்ப் அறையில் ஆறு பேரோடு தங்கியிருக்கும் டிப்ளமோ படித்த தம்பிக்கு அந்தப் பட்டியலால் என்ன லாபம்? அவன் போடும் ரீசார்ஜ், ஊருக்கு வீடியோ கால் பேசவே சரியாகப் போகிறது. செகண்ட் ஹேண்டில் ஒரு லேப்டாப் வாங்குகிறான். விண்டோஸ் அதில் நகர மாட்டேன் என்கிறது. யாரோ ஒரு அண்ணன் லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறார், லேப்டாப் நன்றாக ஓடுகிறது. வரைபடம் கற்க லிப்ரேகேட் வேண்டும் என்று தட்டினால், 'இணையத்தில் இணையவும்' என்கிறது. அவனுடைய படிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது.

இதன் காரணம் எளிது. விண்டோஸில் பெரும்பாலும் ஒரே ஃபைலில் முழு மென்பொருளும் வந்துவிடும். லினக்ஸில் ஒரு பேக்கேஜ் வேறு பத்து பேக்கேஜ்களை நம்பியிருக்கும். பிரியாணிக்கு அரிசி மட்டும் வாங்கி வந்து, கறி எங்கே, மசாலா எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் கடைக்கு ஓடுவது போல. நெட் இருந்தால் ஏபிடி என்ற கருவி நமக்காக ஓடும். இல்லாவிட்டால் நாம்தான் ஓட வேண்டும்.

அந்த ஓட்டத்துக்கும் வழி இருக்கிறது. ஏபிடி-ஆஃப்லைன் என்ற சின்னக் கருவி. எழுதியவர் ரித்தேஷ் ராஜ் சராஃப் என்ற நம் நாட்டு டெபியன் உருவாக்குநர். முதலில் அதை மட்டும் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டுக்கொள்ள வேண்டும். நெட் இல்லாத கம்ப்யூட்டர் தனக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு ஃபைலில் எழுதித் தரும். அதை நெட் உள்ள இடத்துக்கு எடுத்துப்போய், அங்கே உள்ள கம்ப்யூட்டரில் டவுன்லோடு செய்து, திரும்பக் கொண்டுவந்து சேர்க்கலாம். அந்தக் கம்ப்யூட்டர் விண்டோஸாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் யாரோ கொடுத்தார்கள் என்று தனி டெப் ஃபைலை அப்படியே போட்டுவிடாதீர்கள். ஏபிடி வழியாக வந்தால் களஞ்சியத்தின் டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்கப்படும்; தனி ஃபைலை நேரடியாகப் போட்டால் அந்தக் காவல் கிடையாது.

இது ஏழைகளுக்கான குறுக்குவழி என்று யாராவது நினைத்தால், அவர்கள் வளைகுடாவில் வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம். இங்கே எண்ணெய், எரிவாயு ஆலைகளில் கட்டுப்பாட்டு கம்ப்யூட்டர்களை வேண்டுமென்றே இணையத்திலிருந்து பிரித்து வைப்பார்கள். 2012 ஆகஸ்டில் ஷமூன் வைரஸ் சவூதி அராம்கோவின் சுமார் 30,000 கம்ப்யூட்டர்களைத் துடைத்துப் போட்டது. உற்பத்தி அமைப்புகள் தனி நெட்வொர்க்கில் இருந்ததால் எண்ணெய் உற்பத்தி நிற்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு அப்டேட் போட ஆள் வேண்டும். ஆள் எடுக்கும்போது நான் கேட்பது, 'நெட் இல்லாத சர்வரில் எப்படிப்பா இன்ஸ்டால் பண்ணுவே?' நல்ல மார்க் வாங்கிய பி.இ. பிள்ளைகளே விழிக்கிறார்கள். கேம்ப் தம்பி இதைப் பழகினால் அவனுக்கு வேறு கதவு திறக்கும்.

நம் பக்கத்து மலையாளிகளைப் பாருங்கள். கேரள அரசின் கைட் நிறுவனம், பள்ளிப் பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்களை உள்ளேயே அடைத்து லினக்ஸைத் தருகிறது. நாமும் 2011-இல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் சி-டாக்கின் பாஸ் லினக்ஸைக் கொடுத்தோம். பிள்ளைகள் விண்டோஸ் பக்கமே பழகிக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் கொடுப்பதில் குறை வைக்க மாட்டோம், கொடுத்த பிறகு திரும்பிப் பார்ப்பதுதான் நமக்குப் பழக்கமில்லை.

இங்குள்ள தமிழ்ச் சங்கங்களிடம் ஒன்று கேட்கிறேன். பட்டிமன்றப் பேச்சாளர்களுக்கு டிக்கெட் போடுகிறீர்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறவன்தான். அந்தச் செலவில் ஒரு துளி எடுத்து, ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். ஒரு பதிப்பின் முழுக் களஞ்சியமும் அதில் அடங்கிவிடும். டெபியன் 12-இல் மட்டும் 64,000-க்கும் அதிகமான பேக்கேஜ்கள். திருட்டு சாப்ட்வேர் அமீரகத்தில் குற்றம். இதை நகலெடுக்க உரிமமே அனுமதி தருகிறது. விடுமுறை நாளில் கேம்புக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு லேப்டாப்பிலும் அந்த டிஸ்க்கின் முகவரியைக் களஞ்சியமாக எழுதிக் கொடுத்தால் போதும். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் இதை ஒரே மதியத்தில் கற்றுக்கொள்வார்கள். கேம்ப் அண்ணன்மார்களோடு தமிழில் பேசவும் ஒரு வாய்ப்பு.

டிஸ்க்கை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் பயனில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும் என்பதால் மாதம் ஒருமுறை புதுப்பிக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பதிப்பு எதுவென்று சண்டை வேண்டாம், உபுண்டு 24.04 எடுத்துக்கொள்ளுங்கள். 2029 வரை அதற்கு ஆதரவு உண்டு.