கடல் சேறு கொடுத்த ஈயம்

"நம்ம பேராக்கில் மட்டும் ஏன் தங்கச்சி இவ்வளவு ஈயம்?" போன வாரம் காலை நிகழ்ச்சியில் நேயர் ஒருவர் கேட்டார். கம்பார் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். இரண்டு பாட்டுக்கு நடுவே சொல்லி முடிக்கிற பதிலா அது? இங்கே சொல்கிறேன்.

ஈப்போவுக்குக் கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர், மேற்கே கிளேடாங் மலை. இரண்டும் கிரானைட். நம் தாத்தா பாட்டி பால்மரம் சீவிய தோட்டங்கள் பலவும் அந்தக் கல் மக்கி உண்டான மண்ணில்தான் இருந்தன.

சுமார் 250 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் இந்தத் தீபகற்பம் இரண்டு துண்டு. நடுவில் கடல். கடலின் தரை கிழக்குத் துண்டுக்கு அடியில் செருகிக்கொண்டே போய், கடைசியில் இரண்டும் மோதி ஒட்டிக்கொண்டன. தையல் போட்ட இடம் பெந்தோங், ரவூப் வழியாகப் போகிறது. மோதலில் நிலம் தடித்து, பழைய சேறும் மணலும் இறுகிய பாறைகள் ஆழத்தில் உருகின. அந்தக் குழம்பு ஆறியதுதான் நம் கிரானைட். வயது 200 முதல் 230 மில்லியன் ஆண்டு.

கடல் சேறு அவ்வளவு ஆழம் போகுமா? போகும். எனக்குப் பிடித்த ஆதாரம் பெரிலியம்-10. விண்வெளிக் கதிர்களால் காற்றில் உருவாகி, மழையோடு இறங்கிக் கடல் சேற்றில் தங்கும். சுமார் 1.4 மில்லியன் ஆண்டுகளில் பாதி அழிந்துவிடும். ஆகவே பூமியின் ஆழத்தில் அது இருக்கவே வழியில்லை. ஆனால் கடல் தரை செருகும் இடங்களை ஒட்டிய சில எரிமலைகளின் குழம்பில் 1980-களில் அதைக் கண்டுபிடித்தார்கள். போன சேறு திரும்பி வந்திருந்தது.

சேறு நிலத்தின் சத்தைச் சுமந்து செல்கிறது. ஆழத்துப் பாறையில் ஒரு டன்னுக்குத் தோரியம் 0.1 கிராம்கூட இல்லை. நிலத்தின் மேலோட்டில் சுமார் 10 கிராம். ஈயமும் இதே குணம்தான். மற்ற தாதுக்கள் படிகமாகும்போது அதில் சேராமல், கடைசிக் குழம்புவரை தங்கி, வெந்நீரோடு பாறை வெடிப்புகளில் ஏறிவிடும். பிறகு மழை கழுவி இறக்கியதைக் கிந்தாவின் சுண்ணாம்புப் பாறைக் குழிகள் பிடித்து வைத்துக்கொண்டன. தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் ஈயக் கப்பல் 1938 முதல் 1982 வரை தோண்டியது அதைத்தான்.

ஈயத்தைப் பெருமையாகப் பேசுகிறோம். கழுவிய பின் மிஞ்சும் அமாங் மணலை மறந்துவிடுகிறோம். அதிலுள்ள மோனசைட்டில் அரிய மண் தனிமங்கள் உண்டு. கூடவே கதிர்வீசும் தோரியமும். 1982-இல் புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் ஆலை அதைப் பிரிக்கத் தொடங்கியது. கழிவு உடல்நலத்தைக் கெடுக்கிறது என்று மக்கள் 1985-இல் வழக்குப் போட்டார்கள். 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994-இல் நிறுவனமே மூடிவிட்டது.

கழிவைக் கிளேடாங் மலைப் பகுதியில்தான் புதைத்திருக்கிறார்கள். தோரியம் பாதியாகக் குறைய 14 பில்லியன் ஆண்டு ஆகும். மலையின் வயது அதில் அறுபதில் ஒரு பங்குகூட இல்லை.