எத்தனை பேருக்கு பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது?

ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றாநோய்ப் பிரிவில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “போன மாசம் நார்மல்னு சொன்னீங்களே, அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்.” ரத்த அழுத்தம் குறைந்ததே அந்த மாத்திரையால்தான் என்று செவிலியர் விளக்கி முடிப்பதற்குள் அடுத்த டோக்கன் வந்துவிடும். மாரடைப்பையும் பக்கவாதத்தையும் நம்மால் ஏன் குறைக்க முடியவில்லை என்பதற்கான விடை பெரும்பாலும் இந்த மேசையில்தான் இருக்கிறது.

மாரடைப்புக்கான காரணங்கள் எப்போதோ தெரிந்துவிட்டன. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு, முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தை ஒன்பது காரணிகளில் அடக்கியது. புகை, ரத்தக் கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம், தொப்பை ஆகியவை அவற்றில் முக்கியமானவை. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. பிள்ளையின் படிப்பும் வீட்டுக் கடனும் பாதியில் நிற்கும் வயது 53.

2020இல் தமிழக அரசு நடத்திய ஆய்வின்படி, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கி, மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. அடுத்த சுற்று ஆய்வில் இந்த அளவு 17 சதவீதமாக உயர்ந்தது. பாராட்ட வேண்டிய முன்னேற்றம்தான். ஆனாலும் ஆறில் ஐந்து பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள்.

அவர்கள் யார்? மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் பகலில் கதவைத் தட்டும்போது வேலைக்குப் போயிருக்கும் நாற்பது வயது ஆண்கள் ஒரு பகுதி. வலியோ மயக்கமோ இல்லாததால் பரிசோதனைக்கே வராதவர்கள் இன்னொரு பகுதி. “ஒருமுறை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது” என்று பயந்து தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. இதற்கிடையே சாப்பாட்டில் உப்பு குறைந்தபாடில்லை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் மிக்சர் என்று பழகிய நாக்கு அந்த வரம்பை எளிதாகத் தாண்டிவிடுகிறது.

இத்தனை லட்சம் பேரைப் பரிசோதித்தோம் என்று அறிக்கை விடுவது அரசுக்கு எளிது. அதில் எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் 140/90க்குக் கீழே வந்தது என்பதுதான் உயிர் காக்கும் கணக்கு. அதை ஒவ்வொரு சுகாதார நிலையமும் மாதந்தோறும் வாசலில் எழுதிப் போடட்டும். வேலை முடிந்து வருகிறவர்களுக்காக மாலை நேரத்திலும் தொற்றாநோய்ப் பிரிவு இயங்கட்டும். மாத்திரை வாங்க வராதவரை ஒரு வாரத்துக்குள் போனில் அழைக்க ஆள் இருக்கட்டும். பாக்கெட் தின்பண்டங்களின் முன்பக்கத்தில் உப்பின் அளவு பெரிய எழுத்தில் வரட்டும். பக்கவாதத்தில் விழுந்தவரைப் படுக்கையில் வைத்துப் பார்க்கும் குடும்பத்தின் செலவோடு ஒப்பிட்டால், இவை எதுவும் அரசுக்குப் பெரிய செலவில்லை.